கட்டுக்குள்ளே பவுலினா

செத்துப்போன பெண்டாட்டி பாடுவதைச் சாயங்காலம் சாயங்காலம் போய்க் கேட்டுவிட்டு வருகிற மனுசனை நாலு பேர் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். அதனால் தேவதாசன் அதை நாலு பேரிடம் சொல்லவில்லை. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட மூச்சு விடவில்லை. "கட்டப் பாத்துட்டு வாறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கட்டுக் காவல்காரர் கட்டைப் பார்க்கப் போகிறார், இதில் யார் என்னத்தைக் கேட்பது?

கட்டு என்றதும் டீவியில் காட்டுகிற பெரிய அணைக்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலிஎலயிலிருந்து ஆட்டோ பிடித்து, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இறங்கினால், இரண்டு மேட்டுக்கு நடுவில் புல் முளைத்த மண்வரப்பு ஒன்று தெரியும். வெள்ளைக்காரத் தொரை காலத்தில் மண்ணைக் கொட்டி, ஆளை விட்டு மிதித்து எழுப்பியது. கல்லும் கிடையாது, சீமெந்தும் கிடையாது. அந்தப் பக்கம் குளம், இந்தப் பக்கம் பள்ளம். தண்ணீர் திறந்துவிட ஒரு துருசு, துருசைத் திறக்க ஒரு இரும்புச் சக்கரம், அவ்வளவுதான் சொத்து. தோட்டம் அந்த மூலையைக் கைவிட்ட பிறகு பண்டாரவளையில் மரக்கறி வியாபாரம் பண்ணுகிற புஹாரி முதலாளி பள்ளத்தைக் குளத்தோடும் கட்டோடும் சேர்த்து வாங்கி, போஞ்சியும் கோவாவும் பயிர் போட்டார். குளம் அவருடையது. காவல் தேவதாசனுடையது. கட்டுக்கு நேர் கீழே பழைய லயத்து வரிசை வீடுகளில் கிடக்கிற சனம் மட்டும் யாருடையதும் இல்லை.

லயத்துக்கும் கட்டுக்கும் நடுவில் கல்லறைத்தோட்டம். பவுலினா அங்கேதான் இருக்கிறாள். கொழுந்துக் கூடையோடு மலையில் உட்கார்ந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே போய்விட்டாள். ஒரு தேத்தண்ணி வைத்துக்கொடுக்கக்கூட அவருக்கு நேரம் தரவில்லை. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்கிறபோது வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே முனகுவாள். ஏறும், இறங்கும், வார்த்தை மட்டும் இருக்காது.

"பாடுறதுன்னா வாயத் தொறந்து பாடித் தொலையேன். என்னமோ வண்டு பூந்த மாதிரி" என்று தேவதாசன் கேலி பண்ணுவார்.

"வார்த்தயெல்லாம் கோயிலுக்கு. இது ஒங்களுக்கு மட்டுந்தான்" என்பாள் அவள்.

அந்த முனகலைத்தான் போன வருச மழையில் அவர் மறுபடி கேட்டார். கட்டின் சரிவில் புல் வெட்டிக் களைத்துப்போய்ச் சற்றே சாய்ந்தவருக்கு, காதுக்கு அடியில், மண்ணுக்குள்ளே, ஏறி இறங்குகிற அதே சத்தம். முதல் நாள் உடம்பெல்லாம் புல்லரித்து, சிலுவை போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார். மறுநாள் கால் தானாகவே அங்கே போனது. பிறகு அந்த இடத்தில் புல் நசுங்கி, ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தடம் விழுந்துவிட்டது. காதை வைத்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வார். மகள் ஜெசீகா முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்ன அன்றைக்கு முனகல் கொஞ்சம் உரத்துக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

கட்டுக்கு அவரைத் தவிர வேறு யாரும் வருவதில்லை, கருப்பம்மாவைத் தவிர. லயத்தில் பக்கத்து அறை, அடுத்த காம்பராக்காரி. கொழும்பில் கட்டிட வேலைக்குப் போன ஒரே மகன் நிஷாந்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. அந்தி நேரம் கட்டின் மறுகோடியில் அரிவாளோடு உட்கார்ந்திருப்பாள். மாட்டுக்குப் புல்லறுக்கிறாளாம். மாட்டை விற்று எத்தனையோ மாதமாகிவிட்டது. தேவதாசன் அதை யோசிக்கவே இல்லை. தன் காதை மண்ணில் வைத்திருக்கிற மனுசனுக்கு மற்றவள் மாட்டைப் பற்றி என்ன நினைப்பு வரும்?

இப்படி இருக்கையில் பதுளை அரசாங்கக் கந்தோரிலிருந்து தயானி என்கிற பொறியியலாளர் வந்தாள். தனியார் வைத்திருக்கிற சின்னச் சின்ன மண்கட்டுகளையெல்லாம் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். சப்பாத்துச் சேற்றில் புதைய, முதலாளியும் தேவதாசனும் பின்னால் வர, கட்டின் மேலே ஏறி, கீழே இறங்கி, அடிவாரத்தில் கல்லறைத்தோட்டத்து மூலையில் ஈரம் கசிந்து ஒரு கானாக, சின்ன வாய்க்காலாக ஓடுகிற இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"தெளிவாத்தான் வருது. மண் கட்டுன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா ஒண்ணு ஐயா. இந்தத் தண்ணி கலங்கி வந்துச்சுன்னா, உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அன்னைக்கே துருசத் தொறந்து கொளத்த வத்த விடணும். லயத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குது மிஸ்."

"உள்ள ஏதும் சத்தம் கேக்குதா? முனகுற மாதிரி, கொப்புளிக்கிற மாதிரி?"

தேவதாசனுக்குத் திக்கென்றது. ஆமாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மறுநாளே மெஷின் வரும். கட்டை வெட்டுவார்கள், மண்ணைப் போட்டு அடைத்து உருளையை ஓட்டுவார்கள். இரண்டாம் தரமும் அவளை மண்ணைப் போட்டு மூட வேண்டுமா?

"அப்பிடி ஒண்ணும் இல்லீங்க மிஸ்" என்றார்.

"தேவதாசன் சொன்னா சரிதான் மிஸ்" என்றார் முதலாளி. "நான் பண்டாரவளையில நிம்மதியாத் தூங்குறதே இவர நம்பித்தான்."

அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது. குத்தியதோடு சரி.

மழை மாதம் தொடங்கும்போது ஜெசீகா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தலைப்பிரசவம். புருசன் றிச்சர்ட் அப்புத்தளையில் ஒரு கடையில் நிற்கிறான், பார்த்துக்கொள்ள ஆளில்லை. "அம்மா இல்லாட்டி என்னா, அம்மா வீடு இருக்குல்ல" என்றாள். அம்மா வீடு என்பது கட்டுக்கு நேர் கீழே, லயத்தின் முதல் காம்பரா. ஜன்னலைத் திறந்தால் கல்லறைத்தோட்டம், அண்ணாந்து பார்த்தால் கட்டு, அதற்குப் பின்னால் நிறைந்த குளம்.

அன்றிலிருந்து தேவதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகக் கானுக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பார். தெளிவாக இருக்கும். 'பாத்தியா, தெளிவாத்தானே இருக்கு. அந்த மிஸ்ஸே சொல்லுச்சே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சாயங்காலம் போய்க் காதை வைப்பார். முனகல் இப்போதெல்லாம் தேட வேண்டியதில்லை, படுத்த உடனே வந்தது. மகள் வந்த சந்தோசத்தில் பாடுகிறாள் என்று நினைத்தார். அப்படி நினைப்பது எவ்வளவு சுகம் தெரியுமா? புத்தி என்று ஒன்று இருப்பதையே மறக்கடிக்கிற சுகம்.

கல்லறைத் திருநாள் வந்தது. லயமே திரண்டு புல் செதுக்கி, வாளி வாளியாகச் சுண்ணாம்பு கரைத்துக் கல்லறைகளுக்கெல்லாம் அடித்தார்கள். வேதக்காரர் சைவக்காரர் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது; கருப்பம்மாதான் எல்லாக் கல்லறைக்கும் பூ கொண்டுவந்தாள். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து, மெழுகுதிரி கொளுத்தி, செபம் முடித்து ஜீப்பில் ஏறினதுதான் தாமதம், பிடித்துக்கொண்டது மழை. ஊற்று ஊற்று என்று ஊற்றியது.

மறுநாள் காலையில் கான் வெள்ளையாக ஓடியது.

"அடக் கடவுளே, அடிச்ச சுண்ணாம்பெல்லாம் போச்சே!" என்று லயத்துச் சனம் சிரித்தது. வருசா வருசம் திருநாளுக்கு மழை பெய்யும், வருசா வருசம் சுண்ணாம்பு கரைந்து கான் வெளுக்கும். அதை ஒரு அதிசயமாக யாரும் பார்ப்பதில்லை. தேவதாசனும் பார்த்தார். சுண்ணாம்பு என்றார். அடுத்த நாளும் வெள்ளை. சுண்ணாம்பு என்றார். மூன்றாம் நாள் கல்லறைகளெல்லாம் பாதிக்குமேல் கழுவப்பட்டுச் சீமெந்து தெரிய நின்றன, கான் மட்டும் முன்னைவிட வெள்ளையாக ஓடியது. அப்போதும் சுண்ணாம்பு என்றார். ஆனால் இந்தத் தடவை அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. ஜெசீகா அணைந்துபோன மெழுகுதிரியைக் கொளுத்த அம்மாவின் கல்லறைக்கு வந்தாள். தேவதாசன் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். குனிய முடியாதவள் கல்லறை விளிம்பைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, சேறான கையைக் கானில் கழுவினாள். கழுவின விரலை மோந்து பார்த்தாள். பிறகு நக்கினாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"அப்பா! அம்மா எனக்கு அனுப்பியிருக்காப்பா!"

"என்னாத்தப் புள்ள?"

"கிரிமெட்டி!"

கிரிமெட்டி என்றால் வழுவழுவென்ற வெள்ளைக் களிமண். சிங்களப் பெயர், தோட்டத்திலும் அதே பெயர்தான். கட்டின் நடுவயிற்றில் தண்ணீர் புகாமல் இருக்க அந்தக் காலத்தில் அதைத்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்து மிதித்தார்களாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கே தோண்டினாலும் செம்மண்தான். ஜெசீகா வயிற்றில் இருந்தபோது துருசு வேலைக்காகக் கட்டை ஓரமாக வெட்டினார்கள். உள்ளிருந்து வந்த வெள்ளைக் கட்டிகளைப் பவுலினா முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மசக்கைக்காரிக்கு மண் ருசி கேட்குமே, ஒளித்து வைத்துத் தின்றாள். தேவதாசன் கண்டுபிடித்து, "மண்ணத் திங்குறியே, மனுசியா நீ?" என்று வைதபோது, "நீங்களும் தின்னு பாருங்க" என்று ஒரு கிள்ளு எடுத்து அவர் வாயிலேயே வைத்துவிட்டாள். இந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவள் ஜெசீகா. இந்த மாதங்களில் தனக்கும் வேண்டும் வேண்டும் என்று அவரை அரித்துக்கொண்டிருந்தாள். "அது கட்டுக்கு உள்ள இருக்கு புள்ள, எடுக்க ஏலாது" என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

தேவதாசன் குடையைப் போட்டுவிட்டுக் கானில் கையை விட்டு, விரலை நாக்கில் வைத்தார். சுண்ணாம்பு என்றால் நாக்கைச் சுடும். இது சுடவில்லை. வழுக்கியது. மழை விழுந்த மண்ணின் குளிர்ச்சியும், லேசான ஒரு இனிப்பும். பவுலினா விரலால் வாயில் வைத்த அதே ருசி.

எடுக்க ஏலாத மண் தானாக வெளியே வந்துகொண்டிருந்தது. கட்டின் வயிறு கரைந்து ஓடுகிறது, இவர் அதற்கு நாள்கணக்கில் சுண்ணாம்பு என்று பேர் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எந்திரி" என்றார். அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரி புள்ள. கோயிலுக்குப் போ. மேட்டுக்குப் போ!"

"என்னாப்பா ஆச்சு? மெழுகுதிரி இன்னும்…"

"மெழுகுதிரி கெடக்கட்டும், போடீ!"

பிறந்ததிலிருந்து அவர் அவளை 'டீ' போட்டதில்லை. அவள் எழுந்து நடந்தாள். தேவதாசன் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு கதவாக அடித்தார். "கட்டு போகப்போகுது! எல்லாரும் கோயிலுக்கு!" கேட்டவர்கள் ஏன் எதற்கு என்று நிற்கவில்லை. அது அப்போது அவருக்கு ஆச்சரியமாகப் படவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டைப் பையை எடுத்துக்கொண்டு, மேட்டில் இருக்கிற சின்னக் கோயிலுக்கு ஏறினார்கள்.

ஓடிக்கொண்டே முதலாளிக்குப் போன் போட்டார். "துருசத் தொறக்கணும் முதலாளி. தொறந்தா போஞ்சி மூழ்கிரும்."

"தண்ணி கலங்கியா வருது?"

"ஆமாங்க."

"அப்ப என்னத்துக்கு என்னையக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க? தொறங்க! புள்ளத்தாச்சி மக எங்க?"

"மேட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அல்லாவே, தொறங்க, தொறங்க!"

ஆக, தடுக்க ஒருத்தரும் இல்லை. அதுதான் கொடுமை. முதலாளி மறுத்திருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றிருக்கலாம்.

கட்டின் மேல் ஏறியபோது மழை மறுபடி வலுத்திருந்தது. காதை மண்ணில் வைக்கவே தேவையில்லை. கால் வழியாகவே முனகல் ஏறியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு விடாமல். பவுலினா ஒருநாளும் அவ்வளவு உரக்கப் பாடினதில்லை. 'வந்துட்டீங்களா, வாங்க' என்கிற மாதிரி இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

இரும்புச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு உருவம் நின்றது. நனைந்து ஒட்டிய சேலையோடு கருப்பம்மா.

"நீ இன்னும் போகலையா? கட்டு ஒடயப்போகுது, ஓடு!"

"தொறக்காதண்ணே."

"என்னா?"

"தொறக்காதண்ணே. ஒங் கால்ல விழுறேன். தண்ணி போச்சுன்னா அவனும் போயிருவான்."

"யாரு?"

"எம் புள்ள." அவள் சக்கரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "தூக்கத்துல முனகுவான்ல, சின்னதுலருந்து. அதே முனகல்ண்ணே. உள்ளதான் தூங்குறான். நெதமும் கேக்குறேன். இப்பக்கூடக் கேக்குதே, ஒனக்குக் கேக்கல?"

தேவதாசன் கட்டின் மறுகோடியைத் திரும்பிப் பார்த்தார். மறுகோடியில் அரிவாளோடு உட்கார்ந்திருந்தவள். விற்றுப்போன மாடு. ஒரே கட்டின் இரண்டு முனையில் இரண்டு பேர், ஒரே சத்தத்தை ஆளுக்கொரு பேர் சொல்லி, ஒருவருக்கொருவர் ஒளித்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். 'இது ஒங்களுக்கு மட்டுந்தான்' என்று பவுலினா சொன்னாளே! அந்த நிமிசத்தில் பவுலினா அவருக்கு இரண்டாம் தரம் செத்தாள்.

"கேக்குது தங்கச்சி" என்றார். "எனக்கும் கேக்குது. ஆனா எம் புள்ள ஒண்ணு இன்னும் மேட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கு, உசுரோட."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் அடித்தாள், கையைக் கடித்தாள். அப்புறம் கையை விட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தேவதாசன் முழுப் பலத்தையும் கொடுத்துச் சக்கரத்தைத் திருப்பினார். துரு கிறீச்சிட்டது. கீழே துருசு வாயில் தண்ணீர் சீறிக்கொண்டு கிளம்பி, வாய்க்கால் நிரம்பி, போஞ்சிப் பந்தல்களைச் சாய்த்துக்கொண்டு போனது. பிறகு கருப்பம்மாவைத் தோளில் சாத்தி இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.

கோயில் வாசலில் நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளம் இறங்க இறங்க முனகலும் இறங்கியது. தடித்தது, இழுத்தது, மூச்சு வாங்குகிற சத்தமானது. அந்தி சாய்கிற நேரம் ஒரு விக்கல் மாதிரி கேட்டது. அதோடு நின்றுபோனது. தேவதாசன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கட்டின் நடு, முதுகு ஒடிந்ததுபோல் உள்ளே உட்கார்ந்தது. மிச்சத் தண்ணீரோடு ஒரு பாதி மண் சரிந்து கல்லறைத்தோட்டத்தின் மேல் விழுந்து, பவுலினாவின் சிலுவையை மூடி, லயத்தின் முதல் காம்பராவுக்குள் போனது. ஜெசீகா படுக்கிற கட்டில் இருந்த இடத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு நின்றது. பாதிக் குளத்துக்கே அந்தக் கதி. முழுக் குளமாக இருந்திருந்தால் லயம் இருந்த இடமே தெரிந்திருக்காது. ஜெசீகா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தயானி மறுநாள் வந்தாள். முதலாளியும் வந்தார். சரிந்த கட்டின் உள்ளே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை தெரிந்தது. சுவரெல்லாம் வெள்ளைக் கிரிமெட்டி, நக்கித் தின்றதுபோல் வழவழவென்று.

"இது ஒரு நாள்ல வந்த ஓட்ட இல்ல" என்றாள் அவள். "மாசக்கணக்கா, கண்ணுக்குத் தெரியாம அரிச்சிருக்கு. ஐயா, நான் அன்னைக்குக் கேட்டேனே. உண்மையாவே உள்ள சத்தம் ஒண்ணும் கேக்கலையா?"

தேவதாசன் வாயைத் திறந்தார். "கேட்டுச்சு மிஸ். எங்கிட்ட நீங்க கேட்ட அன்னைக்கும் கேட்டுச்சு. நான் பொய் சொன்னேன்."

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள் கருப்பம்மா.

பின்னால் நின்றவர்களில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "எனக்கும், கல்லறைக்கிட்ட வரும்போதெல்லாம்" என்றது ஒரு குரல். போன வருசம் தம்பியைப் புதைத்தவன். அதற்குப் பிறகு இன்னொன்று. அப்புறம் குரல் வரவில்லை, தலைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் குனிந்தன. லயத்தில் சாவு விழாத காம்பரா எது? கதவைத் தட்டின உடனே ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏன் ஓடினார்கள் என்று தேவதாசனுக்கு இப்போது புரிந்தது.

"எல்லாருக்குமே கேட்டிருக்கு" என்றாள் தயானி. அவளுக்கு நம்ப முடியவில்லை. "அப்ப ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?"

என்னவென்று சொல்வார்கள்?

ஜெசீகாவுக்குக் கோயில் பக்கத்து அறையில் இடம் கொடுத்திருந்தார்கள். தேவதாசன் சாயங்காலம் அங்கே போனார். வேறு போக்கிடம் இல்லை. கட்டுக்குப் போகிற நேரம், காலுக்கு வேறு வழி தெரியவில்லை. சரிந்த இடத்திலிருந்து எடுத்துவந்த கிரிமெட்டிக் கட்டி ஒன்றைத் துண்டிலிருந்து அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

"மண்ணத் திங்காத. கொஞ்சமாத் தின்னு" என்றார்.

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஓரத்தைக் கடித்துவிட்டு, ஒரு கிள்ளு எடுத்து அவர் வாயருகே கொண்டுவந்தாள். அவர் வாயைத் திறந்தார். வெளியே மழை விட்டிருந்தது. சரிந்த கட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு, அந்த மண்ணை விழுங்காமல் நாக்கிலேயே வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.